பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது வேறு: ரிட்டர்ன் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சக்கரக்கால்:

எல்லாருக்கும் வணக்கம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அதாவது லாரியாகவும் ஜெட்டாகவும் உருமாறும் ரோபோ பொம்மைகள், சேகரிக்க ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை, அதனால் கேள்வி அரிச்சுவடியாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கமாகப் போகும் பெரிய கடையில், தள்ளுபடி அலமாரியில், எர்த்ரைஸ் வரிசை லீடர் அளவு ஆப்டிமஸ் பிரைம் ஒன்று கிடந்தது. டிரெய்லரோடு வருமே, அதே பெட்டி. ஆசையாகக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே நிற்பவருக்குத் தோளிலும் முழங்காலிலும் வெள்ளி நிறத்தில் கீறல் கீறலாகப் பெயின்ட் அடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வரை போரில் அடிபட்ட மாதிரி வெள்ளி பூசி வந்தது அதற்கு முந்தைய சீஜ் வரிசை, எர்த்ரைஸ் ஆப்டிமஸ் சுத்தமாக இருக்கும். கையைத் தட்டோடு பிடித்திருந்தது ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட். டிரெய்லர் இருக்க வேண்டிய பக்கம் லேசாக ஆட்டினால் பிளாஸ்டிக் சத்தமே வரவில்லை, பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்த மாதிரி பொத்து பொத்தென்று இருந்தது. யாரோ புதியதை வாங்கி எடுத்துக்கொண்டு, பெட்டியில் பழையதை வைத்து ரிட்டர்ன் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை.

இப்போது சந்தேகம் இதுதான். இது கண்ணுக்குத் தெரிந்ததால் பிடிபட்டது, முழுக்க மூடிய பெட்டியில் இப்படி நடந்தால் எப்படித் தெரியும்? கடைக்காரரிடம் சொல்லலாமா, சொன்னால் நம்மையே சந்தேகமாகப் பார்ப்பார்களா? அப்புறம், மற்ற பொம்மைகளைவிட இந்த உருமாறும் ரோபோக்களில்தான் இந்த வேலை அதிகம் நடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார், அது உண்மையா?


மூட்டுவலி:

நீங்கள் பார்த்தது சீஜ் வாயேஜர் ஆப்டிமஸேதான், வாயேஜர் என்பது லீடருக்கு ஒரு படி கீழே உள்ள அளவு. மாற்றியவன் விவரம் தெரிந்தவன், அதைக் கவனியுங்கள். எர்த்ரைஸ் பெட்டியில் லீடர் என்று போட்டிருந்தாலும் காசு பெரும்பாலும் டிரெய்லருக்குத்தான் போனது, ரோபோ மட்டும் பார்த்தால் வாயேஜர் உயரம்தான், ஏழு அங்குலம் பக்கம். 2019இல் வந்த சீஜ் ஆப்டிமஸும் அதே உயரம், அதே சிவப்பு, அதே நீலம். 2020இல் வந்தவரின் தட்டில் 2019காரரை நிறுத்தினால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வழியில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. இரண்டையும் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும். அதாவது நம்மில் ஒருவன். வேலியே பயிரை மேய்கிறது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னது சரிதான் என்றுதான் நானும் நினைக்கிறேன். 1984இல் இந்தப் பொம்மைகள் வெளிவந்த முதல் வருடமே ஸ்டார்ஸ்கிரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் மூன்று பேரும் ஒரே அச்சில் வார்த்த ஜெட்டுகள்தான், நிறம் மட்டும் வேறு. அதற்கு முன்னால் ஜப்பானில் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளில் விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளைத்தான் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கிப் பேர் வைத்து, கதை வைத்து விற்றது. அன்றிலிருந்து இன்று வரை இந்தத் தொழிலே அச்சைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துவதில்தான் ஓடுகிறது. ஒரு ஆப்டிமஸ், ஒரு பம்பிள்பீ, ஒரு மெகாட்ரான் என்று நிறுத்தாமல் ஒவ்வொரு வரிசையிலும் புதிதாக ஒன்று போடுவார்கள். கவுண்டரில் நிற்கும் ஆளுக்குச் சிவப்பு நீல ரோபோ என்றால் சிவப்பு நீல ரோபோ, அவ்வளவுதான். அதில் எது எந்த வருடம் என்று அவர் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

இன்னொன்று, இது உருமாறும் பொம்மை. படத்தில் ரோபோவாக நிற்கும், உள்ளே பாதி லாரியாகப் பாதி ரோபோவாக மடங்கிக் கிடந்தால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. ரிட்டர்ன் கொண்டு வருபவன் "என் பையனுக்கு மாற்றத் தெரியவில்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறான்" என்று ஒரு வரி சொன்னால் போதும், கவுண்டரில் யாரும் அதைப் பிரித்து மாட்டிச் சரிபார்க்கப் போவதில்லை. சில பொம்மைகளைப் பழக்கம் உள்ள நமக்கே குறிப்புத்தாள் பார்த்து மாற்ற அரை மணி ஆகும்.

மூடிய பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். எல்லாரும் மேல் மூடியில் டேப் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், திறக்கிறவனுக்கும் அது தெரியும், அதனால் அடியில் திறப்பான். தொழிற்சாலை டேப் ஒரே அடுக்காக, நேராக வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் படிந்திருக்கும். அதை ஒரு முறை உரித்துவிட்டால் அட்டையின் மேல் தோல் டேப்போடு வந்துவிடும், கீழே வெள்ளையாக நார் தெரியும். அதன் மேலே புது டேப் ஒட்டினாலும் அந்த வெள்ளை மறையாது, பெட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் டேப்புக்கு அடியில் ஊமைத் தழும்பாகத் தெரியும். பசையால் ஒட்டிய பெட்டி என்றால் மூடியின் மடிப்பு ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தடவை மட்டும் மடித்த அட்டை விறைப்பாக இருக்கும், திறந்து மூடியது கொஞ்சம் தொய்ந்திருக்கும், மூலையில் மை வெடித்திருக்கும்.

முன்பக்கம் திறந்த பெட்டி என்றால் வேலை சுலபம். 2019இல் ஹாஸ்ப்ரோ தன் பெட்டிகளிலிருந்து பிளாஸ்டிக்கைப் படிப்படியாக எடுத்துவிடப் போவதாக அறிவித்தது, அதன் பிறகு வந்த பல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டிகளில் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாளே இல்லை, வெறும் ஓட்டைதான், விரலை விட்டால் பொம்மையைத் தொடலாம். சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கியை உருவிக்கொண்டு போகிறவனுக்கும் அது நல்லதாகப் போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட பெட்டியில் பொம்மையைக் கட்டியிருக்கும் காகிதக் கயிற்றைப் பாருங்கள். இறுக்கமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கயிறு புகும் ஓட்டை கிழிந்திருந்தாலோ, கயிற்றுக்குப் பதில் கம்பி, நூல், உங்களுடைய மாதிரி ரப்பர் பேண்ட் என்று எதுவாவது இருந்தாலோ, யாரோ பிரித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கைப்பிடித் துளைகளையும் பாருங்கள். இந்தக் காலத்துப் பொம்மைகளில் ஆயுதம் மாட்டும் முளையும் துளையும் 5 மில்லிமீட்டர் அளவு. விளையாடிய பொம்மையில் துளையின் விளிம்பு வெளுத்திருக்கும், அடர்ந்த நிறப் பிளாஸ்டிக்கில் அது பளிச்சென்று தெரியும். தொழிற்சாலையிலிருந்து வந்ததில் வெளுப்பு இருக்காது.


ஸ்கைவார்ப்_ரசிகன்:

எல்லாரும் இதை ஏதோ கொலைக்குற்றம் மாதிரி பேசுகிறீர்கள். மாற்றி வைத்தது சில சமயம் உள்ளே இருக்க வேண்டியதைவிட நல்ல பொம்மையாக இருக்கும். பழையது கடையில் கிடைக்காது, புதியது எப்படியும் திரும்ப வரும். தள்ளுபடி விலையில் சீஜ் ஆப்டிமஸ், அதுவும் ஆயுதங்களும் கூட இருந்தால், நான் பேசாமல் பில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். நான் ஒன்றும் ஏமாற்றவில்லை, பெட்டிக்கு எழுதிய விலையைக் கொடுக்கிறேன்.


மூட்டுவலி:

நீங்கள் தெரிந்தே வாங்கினால் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை, உங்கள் காசு. நான் கவலைப்படுவது தெரியாமல் வாங்குகிறவரைப் பற்றி. பேரனின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டி வாங்கிப்போகிறார், பையன் பிரித்துப் பார்த்தால் கால் உடைந்த ஏதோ ஒரு ரோபோ. அந்தப் பாட்டி திருப்பிக் கொடுக்கப் போனால் "நீங்கள்தான் மாற்றினீர்கள்" என்று கேட்கும் நிலைமை. ஒருவன் செய்த வேலைக்கு வேறொருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.


கவுண்டர்_நாலு:

நான் பல வருடம் ஒரு பெரிய கடையில் ரிட்டர்ன் மேஜையில் நின்றவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வருகிற பெட்டியில் நாங்கள் பார்ப்பது இவ்வளவுதான்: பில் இருக்கிறதா, பார்கோடு பில்லோடு பொருந்துகிறதா, பெட்டி மூடியிருக்கிற மாதிரி தெரிகிறதா. ஸ்கேனர் படிப்பது பெட்டியை, உள்ளே இருப்பதை இல்லை. போன், லேப்டாப் என்றால் தொடர் எண் இருக்கும், அதைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம். பொம்மைக்குத் தனித்தனியாகத் தொடர் எண் ஏது? பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், குழந்தை அழுகிறது, மேலாளர் ஏன் தாமதம் என்று எட்டிப் பார்க்கிறார். டேப் ஒட்டியிருந்தால் "பிரிக்கவில்லை" என்று ஒரு பொத்தானை அழுத்துவோம், அது நேராகத் தள்ளுவண்டியில் போகும், ராத்திரி அலமாரிக்குப் போய்விடும். பிரித்தது என்று அழுத்தினால் சேதம் கணக்கில் போகும். எது எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது அந்த ஒரு நொடிதான், டேப்பை வைத்து ஏமாற்றுகிறவர்கள் குறிவைப்பதும் அதைத்தான்.

கடையில் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அலமாரி அடுக்கும் பையனிடம் சொல்லாதீர்கள், அவனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது, சரி என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுவான். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவை மேஜைக்குப் போய் "இதில் படத்தில் இருப்பது இல்லை, வேறு பொம்மை இருக்கிறது, நான் வாங்கவில்லை, அலமாரியில் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். நான் வாங்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் எதிரே இருப்பவர் தற்காப்புக்குப் போகாமல் கேட்பார். போனில் சரியான பொம்மையின் படத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், வரிசைப் பெயர், வருடம் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். டிரெய்லர் இல்லை என்பது யாருக்கும் புரியும். தோளில் கீறல் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் புரியும்.

ஒன்றே ஒன்று, சந்தேகம் என்று நினைத்து டேப் ஒட்டிய பெட்டியை நீங்களே கடைக்குள் திறக்காதீர்கள். கேமராவில் அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். மேஜைக்குக் கொண்டுபோய் அவர்களையே திறக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் திறப்பார்கள். அப்புறம் மற்ற பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வருவதும் வேண்டாம், சிலர் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். கணினியில் அது நல்ல இருப்பாகவே இருக்கும், யாராவது ஒருநாள் கண்டெடுத்து வாங்கிவிடுவார்.


அச்சுமுத்திரை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இந்தத் திரியைப் படித்தவர்கள் எல்லாம் கடை கடையாகப் போய்ப் பஞ்சாயத்து வைப்பார்கள்.

பெட்டியில் இருக்கும் படத்தோடு நிறம் பொருந்தவில்லை என்பது மட்டும் சான்று ஆகாது. பல பெட்டிகளில் இருப்பது விற்பனைக்கு வந்த பொம்மையின் புகைப்படமே இல்லை, கணினியில் வரைந்தது, இல்லையென்றால் தயாரிப்புக்கு முந்தைய மாதிரியைப் படம் எடுத்தது. படத்தில் முழங்காலில் மஞ்சள் கோடு இருக்கும், கையில் வரும் பொம்மையில் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள். தொழிற்சாலையிலேயே தவறு நடப்பதும் உண்டு. இரண்டு காலும் இடது கால், ஒரு பக்க முத்திரை அச்சாகவில்லை, முன்கை திருப்பிப் பூட்டியிருக்கிறது, இப்படி நிறையப் பார்த்திருக்கிறோம். இது எவனும் மாற்றியது இல்லை, மாற்றுகிறவன் இரண்டு இடது கால் உள்ள பொம்மையை எங்கே தேடிப் பிடிப்பான்?

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் தேதி எண்ணைப் பாருங்கள். ஹாஸ்ப்ரோ தயாரிப்புகளில் பெட்டியிலும் பொம்மை மேலும் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். பெட்டியில் பெரும்பாலும் அடிப்பக்கம், பொம்மையில் உள்ளங்காலிலோ, தொடைக்குப் பின்னாலோ, காரானால் அடித்தளத்திலோ, பொடியாக மையில் குத்தியிருப்பார்கள், இல்லை என்றால் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி இலக்கம் தொழிற்சாலைக்கானது. 91551 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 155ஆவது நாள், அதாவது ஜூன் 4. பெட்டியில் 0 என்று தொடங்கி, உள்ளே நிற்பவரின் காலில் 9 என்று தொடங்கினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். சில நாள், சில வாரம் முன்பின் இருப்பது சகஜம், பொம்மை ஒரு நாள் முடியும், பெட்டி இன்னொரு நாள் கட்டுவார்கள். வருடக்கணக்கில் வித்தியாசம் என்றால் சகஜம் இல்லை. டிசம்பர், ஜனவரி தயாரிப்பு என்றால் மட்டும் முதல் இலக்கம் மாறுவதை வைத்துப் பயந்துவிடாதீர்கள்.

இந்த எண்ணையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கும் காப்புரிமை ஆண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அந்த ஆண்டு அச்சு செய்த காலம். மறுவண்ணம் பூசி நான்கு வருடம் கழித்து வந்த பொம்மையிலும் பழைய ஆண்டுதான் இருக்கும், அதை வைத்து மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தயாரித்த நாடு சீனா என்றோ வியட்நாம் என்றோ இருக்கும், அது பெட்டியில் எழுதியதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது ஓரளவுக்கு உதவும்.

காப்புரிமை வரியே இல்லாமல் அந்த இடம் வழவழவென்று இருந்தால் அது டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அசல் பொம்மையை வைத்துக்கொண்டு டூப்ளிகேட்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், இது பழையதை வைப்பதைவிட மோசம், ஏனென்றால் உருவம் அச்சு அசலாக அதேதான். தொட்டால் தெரியும். பிளாஸ்டிக் ஒன்று எண்ணெய்ப் பசையாக இருக்கும், இல்லை வெளிறிப்போய் மெலிசாக இருக்கும், மூட்டு ஒன்று கல்லாக இறுகியிருக்கும், பக்கத்து மூட்டு தொளதொளவென்று ஆடும், திருகுகளின் தலை தேய்ந்திருக்கும். டூப்ளிகேட் தொல்லை புதிதும் இல்லை. 1985லேயே விரலால் தேய்த்தால் சூட்டில் ஆட்டோபாட் முகமோ டிசெப்டிகான் முகமோ (கதையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு அணிகளின் சின்னம்) தெரிகிற ஸ்டிக்கரைப் பொம்மை மேல் ஒட்ட ஆரம்பித்தார்கள், அசல் என்று காட்டத்தான். பிள்ளைகளுக்கு அது இன்னொரு விளையாட்டாகப் போனது வேறு விஷயம்.


சக்கரக்கால்:

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறைய விஷயம் கிடைத்தது. தேதி எண் விஷயம் சுத்தமாகத் தெரியாது, வீட்டில் இருக்கும் எல்லாவற்றின் காலையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கூடவே ஒரு கேள்வி. கடையில் கிடைக்காததை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே பெட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது. எடை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்தேன், அது வேலைக்கு ஆகுமா? அப்புறம் சின்ன ரோபோக்கள் கூட வருமே, தலையாக மாறுகிறது, துப்பாக்கியாக மாறுகிறது, அவை காணாமல் போயிருந்தால் எப்படி நிரூபிப்பது?


பெட்டிபிரியாள்:

இணையத்தில் வாங்குவதுதான் என் முழுநேரப் பொழுதுபோக்கு என்பதால் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விற்பவர் பெயர் நல்ல பெயராக இருந்தாலும் பெட்டி அவரிடமிருந்துதான் வருகிறது என்று நிச்சயம் இல்லை. சில பெரிய இணையக் கடைகளின் கிடங்கில் ஒரே பார்கோடு உள்ள சரக்கை எல்லாம், யார் அனுப்பியதாக இருந்தாலும், ஒன்றாகவே வைக்கும் வழக்கம் இருந்தது, ஆர்டர் வந்தால் கைக்குக் கிடைத்ததை அனுப்பினார்கள். ரிட்டர்ன் வந்த பெட்டியும் அதே குவியலில் சேர்ந்தால் நேர்மையான விற்பனையாளரின் பெயரில் மாற்றி வைத்த பொம்மை வரும். அவரைத் திட்டி விமர்சனம் எழுதுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

பார்சல் வந்ததும் வீடியோ எடுங்கள். இடையில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக. முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், வெளிப்பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும், பிறகு பொம்மைப் பெட்டியின் டேப் இருக்கும் இடங்கள் எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்தி. பேச்சு, பின்னணி இசை எதுவும் வேண்டாம். உள்ளே தட்டை உருவியதும் நிறுத்துங்கள். இங்கேதான் ஆர்வக் கோளாறில் எல்லாரும் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். காகிதக் கயிறு வெட்டாமல் இருக்கும் வரை "நான் இதைத் தொடவே இல்லை" என்று சொல்ல முடியும், வெட்டிவிட்டால் அது உங்கள் வார்த்தை மட்டும்தான். தட்டில் கட்டியபடியே சுற்றிப் பாருங்கள், தேதி எண் தெரிகிறதா, வெளுப்பு இருக்கிறதா, கூட வர வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறதா. குறிப்புத்தாளின் முதல் பக்கத்திலோ பெட்டியின் பின்பக்கத்திலோ என்னென்ன இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் படம் இருக்கும். குறிப்புத்தாளே வேறு பொம்மைக்கானதாக இருந்த கதையும் உண்டு, அவசரத்தில் மாற்றியவன் பழைய பொம்மையின் தாளையும் சேர்த்து உள்ளே போட்டிருந்தான்!

சின்ன ரோபோக்கள் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2002இல் ஆர்மடா வரிசையோடு வந்த மினிகான், 2016இல் டைட்டன்ஸ் ரிட்டர்ன் வரிசையில் தலையாக மாறிய குட்டி டைட்டன் மாஸ்டர், இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் போனால் பெரிய பொம்மை அப்படியே இருக்கும், பெட்டியும் அப்படியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. தலை இல்லாத டைட்டன்ஸ் ரிட்டர்ன் பொம்மை என்றால் உடனே தெரிந்துவிடும். வேறு நிறத் தலை மாட்டியிருந்தால் அந்தக் கதாபாத்திரத்தைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். பழைய பொருளைத் தனி ஆளிடம் வாங்கும்போது விளம்பரப் படத்தை நம்பாமல், எல்லாச் சாமானையும் ஒரு துணி மேல் பரப்பி இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு படம் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் முணுமுணுத்துக்கொண்டாவது அனுப்புவார். அனுப்பாதவரை விட்டுவிடுங்கள், என்ன பொம்மையாக இருந்தாலும் சரி.

பழையதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சில பொம்மைகளில் மினுமினுப்பான தங்க நிறப் பிளாஸ்டிக் இருக்கும். அது காலப்போக்கில் பொருபொருவென்று ஆகிவிடும், மூட்டைத் திருப்பினால் பிஸ்கட் மாதிரி உடையும், பெட்டியிலேயே வைத்திருந்தாலும் உடையும். 1988இல் ஜப்பானில் வந்த பிளாக் ஜாராக் அதற்குப் பேர்போனது. அப்படி ஒன்று உடைந்து வந்தால் விற்றவர் மாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம். சரிபார்க்கிறேன் என்று நீங்களே திருப்பி உடைத்தும்விடாதீர்கள்.


ஸ்கைவார்ப்_ரசிகன்:

வீடியோ எல்லாம் கொஞ்சம் அதிகம் என்று முன்பு நினைத்தேன், ஆனால் கயிற்றை வெட்டாமல் பார்ப்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். எடை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?


அச்சுமுத்திரை:

எடை ஓரளவுக்கு உதவும். உள்ளே பெரிதாக ஏதோ இல்லை என்றால் காட்டிக்கொடுக்கும், டிரெய்லர் போன கேஸ் மாதிரி. அதற்கும் ஒப்பிட நல்ல பெட்டி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். கடையில் அதே பொம்மை இரண்டு மூன்று இருந்தால் இரண்டு கையிலும் ஒன்று ஒன்று எடுத்துத் தூக்கிப் பாருங்கள், கைக்கே தெரிந்துவிடும். ஆனால் வெளிப்பெட்டியில் எழுதிய அனுப்பும் எடையை நம்பாதீர்கள், அது அட்டை, அடைப்பு எல்லாம் சேர்த்தது, கிடங்குக் கணினியில் எப்போதோ யாரோ பதிந்ததாகவும் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு துப்பாக்கி இல்லாததுகூடத் தெரியலாம், அதற்கு அசல் எடை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும், சேகரிப்பாளர்கள் யாராவது எடை போட்டு எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். விவரமான ஆள் என்றால் பேப்பர் திணித்து எடையையும் சமாளித்துவிடுவான். அப்போது சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரே அச்சில் வந்த மறுவண்ணங்களுக்கு எடை சுத்தமாக உதவாது. ஸ்டார்ஸ்கிரீமை எடுத்துவிட்டுத் தண்டர்கிராக்கரை வைத்தால் தராசு அதையேதான் காட்டும், அதற்கு நீல நிறத்தைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.